ஃபங்ஷன் போய்ச் சேர்ந்தது, ஆப்ஜெக்ட் எங்கே?

கண்ணா,

நேற்று ராத்திரி போனில் நீ புலம்பியது பாதிதான் காதில் விழுந்தது, அப்புறம் நீ அனுப்பிய சி பிளஸ் பிளஸ் கோடைத் திறந்து பார்த்தேன். "என் கிளாஸில் இருக்கிற ஃபங்ஷனைத்தானே கால்பேக்காகக் கொடுக்கிறேன், கம்பைலர் ஏன் வாங்க மாட்டேன் என்கிறது" என்று கேட்டாய். நேரம் வந்ததும் கூப்பிடச் சொல்லி டைமர் லைப்ரரியிடம் கொடுத்து வைக்கிற ஃபங்ஷன்தானே கால்பேக். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே இடத்தில் ஒரு நாள் முழுக்க முட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன், அதனால் சிரிக்கவில்லை.

உன்னுடைய மெம்பர் ஃபங்ஷன் ஒரே ஒரு ஆர்க்யுமெண்ட் வாங்குகிற மாதிரி தெரிகிறது, இல்லையா? கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் வாங்குகிறது, அதுதான் திஸ் பாயிண்டர், எந்த ஆப்ஜெக்டுக்காக ஓடுகிறோம் என்று சொல்கிற முகவரி. சி-யில் எழுதிய அந்த டைமர் லைப்ரரிக்குக் கிளாஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அதனிடம் இருப்பது ஒரு முகவரி, நேரம் வந்ததும் அங்கே குதிக்கும், அவ்வளவுதான். எந்த ஆப்ஜெக்டுக்காகக் குதிக்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? சைஸைப் பார்த்தாலே புரியும்: 64 பிட் லினக்ஸில் சாதாரண ஃபங்ஷன் பாயிண்டர் 8 பைட், மெம்பர் ஃபங்ஷன் பாயிண்டர் 16 பைட். விர்ச்சுவல் ஃபங்ஷனா (வாரிசு கிளாஸ் மாற்றி எழுதக்கூடியதா), திஸ்ஸை எத்தனை பைட் நகர்த்த வேண்டும் என்கிற கணக்கெல்லாம் அதற்குள் இருக்கிறது. 16 பைட் இருந்தும் ஆப்ஜெக்டின் முகவரி மட்டும் அதில் கிடையாது! அதைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

உன் கோடிலேயே வழி இருக்கிறது. டைமரைப் பதிவு செய்கிற ஃபங்ஷனின் கடைசி ஆர்க்யுமெண்ட் ஒரு வாய்ட் பாயிண்டர், அதாவது எந்த டைப் என்று சொல்லாத வெறும் முகவரி, அதில் நீ நல் (காலி) போட்டு அனுப்பியிருக்கிறாய். அந்த இடம் சும்மா வைத்ததில்லை, திஸ்ஸைக் கொடுத்தனுப்பத்தான். கிளாஸுக்குள் ஒரு ஸ்டாட்டிக் ஃபங்ஷன் எழுது, ஸ்டாட்டிக்குக்குத் திஸ் கிடையாது, லைப்ரரி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். உள்ளே இரண்டே வரி: வந்த வாய்ட் பாயிண்டரை உன் கிளாஸ் பாயிண்டராக மாற்று, அதை வைத்து உண்மையான ஃபங்ஷனைக் கூப்பிடு. ஒன்று மட்டும் கவனம், எந்த டைப்பாகக் கொடுத்தாயோ அதே டைப்பாகத்தான் திரும்ப எடுக்க வேண்டும். டிரைவ்டு (வாரிசு) கிளாஸ் பாயிண்டராகக் கொடுத்துவிட்டு பேஸ் (மூல) கிளாஸாக எடுத்தால், மல்டிபிள் இன்ஹெரிட்டன்ஸ் (ஒன்றுக்கு மேல் பேஸ் கிளாஸ்) இருக்கிற இடத்தில் முகவரி தப்பாகிவிடும், கம்பைலரும் வாயைத் திறக்காது.

"லாம்டா போட்டுப் பார்த்தேன், அதுவும் வேலை செய்யவில்லை" என்றாயே, லாம்டா என்பது பெயரில்லாமல் அந்த இடத்திலேயே எழுதுகிற ஃபங்ஷன், வெளியே இருக்கிறதை அதற்குள் எடுத்து வைத்துக்கொள்வதுதான் கேப்சர். எதையும் கேப்சர் செய்யாத லாம்டாதான் சாதாரண ஃபங்ஷன் பாயிண்டராக மாறும். நீ திஸ்ஸைக் கேப்சர் செய்தாய், போச்சு. உன் சொந்த சி பிளஸ் பிளஸ் கோடுக்குள் என்றால் 2011-இலேயே ஸ்டாண்டர்டு ஃபங்ஷன் (std::function) வந்துவிட்டது, லாம்டாவை அதில் போட்டு வைத்துக்கொள், இந்தச் சுற்று வழியெல்லாம் வேண்டாம். பைத்தானில் இந்தத் தலைவலி இல்லை, ஆப்ஜெக்டோடு புள்ளி வைத்து மெதடை எடுத்தாலே செல்ஃப் (அங்கே திஸ்ஸுக்கு அதுதான் பெயர்) ஒட்டிக்கொண்டு வரும். ஜாவாஸ்கிரிப்டில் அப்படி எடுத்துக் கொடுத்தால் திஸ் கழன்று விழுந்துவிடும், அது தனிக் கூத்து.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. கம்பைல் ஆனதும் முடிந்தது என்று நீ எழுந்து போய்விடுவாய், நானும் அப்படித்தான் போனேன். நான் எழுதிய ஒரு புரோகிராம் சில நாள் நன்றாக ஓடும், திடீரென்று விழும், லாகில் ஒன்றும் இருக்காது. மூன்று நாள் தேடினேன். ஸ்க்ரீனை மூடியதும் ஆப்ஜெக்ட் டிலீட் ஆகியிருக்கிறது, டைமரை மட்டும் யாரும் நிறுத்தவில்லை, அது தன் வேளை வந்ததும் இல்லாத ஆப்ஜெக்டைக் கூப்பிட்டிருக்கிறது. 'யாரும்' என்றால் நான்தான்.

திஸ்ஸைக் கொடுப்பது வெறும் முகவரியைக் கொடுப்பது, அது ஆப்ஜெக்டை உயிரோடு வைத்திருக்காது. லாம்டாவில் [=] என்று சமக்குறி போட்டு எல்லாவற்றையும் காப்பி எடுக்கிறோம் என்று நினைப்போம், ஆனால் மெம்பர்கள் காப்பி ஆகாது, திஸ் பாயிண்டர்தான் ஆகும். பல பேர் இதில் விழுந்த பிறகு சி பிளஸ் பிளஸ் 20-இல் அப்படி மறைமுகமாகத் திஸ்ஸை எடுப்பதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள். டிஸ்ட்ரக்டரில், அதாவது ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடுகிற ஃபங்ஷனில், டைமரை நிறுத்து. டைமர் வேறு த்ரெட்டில் (உன் கோடோடு கூடவே தனியாக ஓடுகிற இன்னொரு ஓட்டத்தில்) ஓடினால் அதுவும் போதாது, நீ நிறுத்தச் சொல்கிற அதே நொடியில் கால்பேக் பாதி ஓடிக்கொண்டிருக்கலாம், அது முடிகிறவரை நின்று காத்திருக்க வேண்டும். காத்திருப்பதே கால்பேக்குக்குள் இருந்து என்றால் தன்னைத்தானே எதிர்பார்த்து அப்படியே தொங்கிவிடும், அந்தக் கதையையும் பார்த்திருக்கிறேன். அப்படிச் சிக்கலாக இருந்தால் வீக் பாயிண்டரை, அதாவது ஆப்ஜெக்டைப் பிடித்து வைக்காமல் அது இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்க உதவுவதை, கேப்சர் செய்து, கால்பேக் ஓடும்போது லாக் செய்து பார், ஆப்ஜெக்ட் போயிருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடு. இதற்கு ஆப்ஜெக்ட் ஷேர்டு பாயிண்டரில் (வைத்திருப்பவர்களில் கடைசி ஆள் விடும்வரை ஆப்ஜெக்டை உயிரோடு வைப்பது) இருக்க வேண்டும், அந்த வீக் பாயிண்டரைக் கன்ஸ்ட்ரக்டருக்குள் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடுவது) எடுக்கப் பார்க்காதே, அப்போது கிடைக்காது.

உன் கிளாஸில் டிஸ்ட்ரக்டரே இல்லை, பார்த்தேன். எழுதிவிட்டு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கலாம். ராத்திரி இரண்டு மணி வரை முழித்திருக்காதே.

அம்மா