ஐம்பது நாள் ஓடுமா என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாடசாலைப் பிள்ளைகள் செய்த தானியங்கிக் கருவிகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி படத்தோடு செய்தி வருகிறது. மலையகப் பாடசாலை ஒன்றின் பெயர் அதில் இருந்தால் வெட்டி எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டி வைப்பேன். ஹட்டன் பக்கத்தில் ரேடியோ, போன் திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன், கண்காட்சி நெருங்கினால் ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வயரும் தேடிப் பின்னேரத்தில் பிள்ளைகள் என்னிடம்தான் வருவார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். கண்காட்சி மேசையில் கருவி ஐந்து நிமிடம் ஓடுகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள், சான்றிதழும் கிடைக்கிறது. அதையே மரக்கறித் தோட்டத்திலோ தண்ணீர்த் தாங்கியிலோ பூட்டி இரண்டு மாதம் ஓடவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. செக்கன் கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறோம், மணித்தியாலக் கணக்கையும் நாள் கணக்கையும் விட்டுவிடுகிறோம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் லயத்துக்குத் தண்ணீர் பள்ளத்து ஊற்றிலிருந்து வருகிறது. ஊற்றுத் தண்ணீர் ஒரு சிமெந்துத் தொட்டியில் சேரும், அங்கிருந்து பம்ப் போட்டு மேலே தாங்கிக்கு ஏற்ற வேண்டும். தொட்டி நிறைய எட்டு மணித்தியாலம் பிடிக்கும், பம்ப் நாற்பது நிமிடத்தில் அதை உறிஞ்சிவிடும். ஒவ்வொரு தடவையும் யாராவது இறங்கிப் போய் சுவிட்ச் போட வேண்டும், மழை நாளில் அந்தப் படி வழுக்கும், அட்டை வேறு. சரி, நாமே ஒன்று செய்வோம் என்று ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதி ஓட்டக்கூடிய சின்ன மின்னணுப் பலகை ஒன்றை எடுத்து, நாற்பது நிமிடம் ஓடு, எட்டு மணித்தியாலம் நில், மறுபடி ஓடு என்று நிரல் எழுதி, தைப்பொங்கல் கழிந்து வந்த சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பெட்டியோடு பூட்டினேன். கரண்ட் போனால் பலகை கணக்கை மறந்து பூச்சியத்திலிருந்து தொடங்கும் என்பது தெரியும், அதனால் பலகைக்கு மட்டும் தனியாக ஒரு பெட்டரியும் கொடுத்தேன்.

ஏழு வாரம் ஒரு குறையும் இல்லை. ஏழாவது வாரம் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்துக் காம்பரா அம்மாயி வந்து, "தம்பி, பள்ளத்துல உங்க பெட்டி பல்லி கத்துற மாதிரி டக்கு டக்குனு அடிச்சிக்கிட்டே இருக்குது, போய்ப் பாருங்க" என்றார். பாதிப் படி இறங்கும்போது எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. கிட்டப் போவதற்குள் நின்றுவிட்டது. மணி ஒன்பது தாண்டியிருந்தது. ரிலே அமைதியாக இருக்கிறது, பலகையில் விளக்கு எரிகிறது, பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. பம்பில் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சூடு. சுருள் கருகிய வாடை. தொட்டியில் அடிச்சேறு மட்டும்தான், மாசி மாதத்து வெயிலில் ஊற்றும் மெலிந்திருந்த நேரம். மோட்டாருக்குக் கம்பி சுற்றி வாங்க நாலு நாள் ஆனது, அந்த நாலு நாளும் லயத்துப் பெண்கள் கொழுந்துக்குப் போய் வந்த கையோடு தூரத்துப் பீலியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் மனதை அறுக்கிறது.

ரிலேயை மாற்றினேன், வயரை மாற்றினேன், பலகையை மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் சரியாக ஓடியது. கடைசியில் கொப்பியில் கணக்குப் போட்டபோதுதான் பிடிபட்டது.

இந்தப் பலகையில் நேரம் பார்க்க மில்லிஸ் என்று ஒரு கட்டளை உண்டு. பலகைக்கு மின்சாரம் வந்ததிலிருந்து எத்தனை மில்லிசெக்கன் (செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆனது என்று அது சொல்லும். அந்த எண்ணுக்கு 32 பிட்தான் இடம், அதாவது பூச்சியமோ ஒன்றோ எழுதும் கட்டம் 32 மட்டும். 4,294,967,295 வரை போகும், அப்புறம் பூச்சியம். நாளாக்கிப் பார்த்தால் 49 நாள், 17 மணித்தியாலம், 2 நிமிடம், சொச்சம். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணியிலிருந்து எண்ணினால் ஏழு வாரம் கழித்து ஞாயிறு காலை ஒன்பது மணி வந்துவிடும்!

எண் பூச்சியமாவது பிழை இல்லை, நான் எழுதிய விதம்தான் பிழை. "இப்போதைய எண்ணோடு எட்டு மணித்தியாலத்தைக் கூட்டு, அதுதான் அடுத்து ஓட வேண்டிய எண், இப்போதைய எண் அதைத் தாண்டினால் பம்பைப் போடு" என்று எழுதியிருந்தேன். கடைசி எட்டு மணித்தியாலத்துக்குள் வந்ததும் அப்படிக் கூட்டுகிற தொகை எல்லையைத் தாண்டி ஒரு சின்ன எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. இப்போதைய எண்ணோ மலை போல நிற்கிறது. தாண்டியாயிற்று என்று நினைத்து, நிறுத்திய மறுகணமே பம்பைப் போடுகிறது. கணக்குப்படி அதிகாலை மூன்றரைக்கு முன்னாலேயே தொடங்கிய பம்ப் எட்டு நாற்பது வரை நிற்காமல் ஓடியிருக்கிறது, முதல் நாற்பது நிமிடம் போக மிச்சமெல்லாம் தண்ணீர் இல்லாத வறட்டு ஓட்டம். கடைசி இருபது நிமிடம்போல, நிறுத்த வேண்டிய எண்ணும் அதே மாதிரிச் சுருங்கிப் போக, போடு, நிறுத்து, போடு, நிறுத்து என்று ரிலே அடித்துக்கொண்டது, அம்மாயி கேட்ட பல்லிச் சத்தம் அதுதான். எண் பூச்சியத்துக்கு வந்ததும் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. பெட்டரி போட்டிருக்காவிட்டால் இது வெளியே வந்தே இருக்காது, ஏனென்றால் காற்றுக்கு ஒரு மரம் விழுந்தாலே கரண்ட் போகும் எங்கள் பக்கத்தில் பலகை ஒருநாளும் ஐம்பது நாள் தொடர்ந்து எண்ணியிருக்க வழியில்லை.

திருத்தம் ஒரே வரி. கூட்டாமல் கழிக்க வேண்டும். இப்போதைய எண்ணிலிருந்து, காத்திருக்கத் தொடங்கியபோது இருந்த எண்ணைக் கழி, வருகிற மீதி எட்டு மணித்தியாலமோ கூடவோ என்றால் போடு. தேயிலை ஸ்டோரில் இரவு பத்து மணிக்கு வேலைக்கு ஏறியவர் இரண்டு மணிக்கு இறங்கினால் நாலு மணித்தியாலம் என்றுதானே கணக்கப்பிள்ளை எழுதுவார்? பன்னிரண்டைத் தாண்டியதால் கணக்குக் குழம்புவதில்லை. குறி இல்லாத, அதாவது மறைப் பெறுமானம் வராத 32 பிட் எண்ணில் கழித்தாலும் அப்படித்தான், இடையில் பூச்சியம் வந்தாலும் மீதி சரியாகவே வரும்.

சோதிக்க ஐம்பது நாள் காத்திருக்கவும் தேவையில்லை, மில்லிஸ் தருகிற எண்ணோடு 4,294,900,000 ஐக் கூட்டி அதையே நேரமாக எடுத்துக்கொண்டால் 67 செக்கனில் எல்லை வந்துவிடும், எட்டு மணித்தியாலத்தைப் பத்து செக்கனாகக் குறைத்துவிட்டு மேசையில் வைத்தே பார்த்துவிடலாம். இந்தச் சோதனையை ஒவ்வொரு பிள்ளையும் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பிள்ளைகள் விழுகிற இன்னொரு குழி, ஒரு நிமிடம் வேண்டுமென்று 60 தர 1000 என்று எழுதுவது. ஊனோவில் சாதாரண முழு எண் 32,767 வரைதான் போகும், 60,000 அதில் அடங்காமல் மறை 5,536 ஆகிவிடும். 30 செக்கனுக்கு எழுதிச் சோதித்தால் ஒழுங்காக ஓடும், அதனால் ஆசிரியருக்கும் பிடிபடாது. எண்ணுக்குப் பின்னால் யூ, எல் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் போதும். டிலே என்ற காத்திருப்புக் கட்டளை இன்னொரு குழி, எட்டு மணித்தியாலம் காத்திரு என்று சொன்னால் காத்திருக்கும், ஆனால் அதுவரை வேறொன்றையும் பார்க்காது. இப்போது நான் தொட்டியில் ஒரு மிதவை சுவிட்ச் போட்டிருக்கிறேன், தண்ணீர் இறங்கினால் பம்ப் நிற்கும். நாற்பது நிமிடத்தை டிலேயில் எழுதியிருந்தால் மிதவை இருந்தும் பிரயோசனமில்லை.

மின்வெட்டுக்காக ஒரு மாணவன் ஒவ்வொரு செக்கனும் நேரத்தை ஈப்ரொம் என்ற, கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதி வைத்தான். நல்ல யோசனை, ஆனால் அந்த நினைவகத்தின் ஒரு இடத்துக்கு 100,000 தடவை எழுதத்தான் உத்தரவாதம், செக்கனுக்கு ஒன்று என்றால் 28 மணித்தியாலத்தில் அது தீர்ந்துவிடும். அவனுக்கு நான் டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லைக் காட்டினேன். கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் அதே 32,768 ஹேர்ட்ஸ் பளிங்குதான் அதிலும் (அந்த எண்ணை 15 தடவை பாதியாக்கினால் செக்கனுக்கு ஒரு துடிப்பு வரும், வகுப்பில் பிள்ளைகளையே பாதியாக்கிப் பார்க்கச் சொல்லலாம்), ஆனால் இது சூடு குளிரையும் அளந்து தன்னைத் திருத்திக்கொள்ளும், வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவில்தான் பிசகும். ஊனோவின் சொந்த எண்ணிக்கை நூற்றுக்கு அரை வரை பிசகலாம், அப்படியென்றால் நாளைக்கு ஏழு நிமிடம். விடியற்காலையில் உறைபனி விழுந்து பகலில் வெயில் காயும் நுவரெலியா மாதிரி இடத்துக்கு இப்படி ஒரு சில்லுதான் பொருத்தம். ஒரு பொத்தான் பெட்டரி இருந்தால் கரண்ட் போனாலும் அது நேரத்தை விடாது. எங்கள் பம்பும் இப்போது அதைப் பார்த்துத்தான் ஓடுகிறது, காலை நாலரை, பகல் ஒரு மணி, இரவு ஒன்பதரை. வேலைக்குக் கிளம்புகிற நேரத்துக்குத் தாங்கியில் தண்ணீர் நிற்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் அந்தக் கழித்தல் வரியையும் 67 செக்கன் சோதனையையும் ஒரு சின்னப் பெட்டியாகப் போடுங்கள், அடுத்த கண்காட்சிக் காலத்துக்கு முன்னால் போட்டால் நல்லது. கண்காட்சிக்கு நடுவர்களாகப் போகும் ஆசிரியர்களும் இனிமேல் "இது ஐம்பது நாள் ஓடுமா, மகள்? எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் தெரியாத பிள்ளையை ஹட்டனுக்கு அனுப்புங்கள், கடை இரவு ஏழு மணி வரை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
ஹட்டன் வாசகர் ஒருவர்