கிரேட் நார்தர்ன் ரயில்வே டைரக்டருங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயாமாரே,

உங்க கம்பெனி 1923லயே வேற கம்பெனிங்களோட சேர்ந்து கரைஞ்சு போச்சு, இதைப் பிரிச்சுப் படிக்க அங்க ஆளில்லைனு தெரியும். ஆனா எழுதாம இருக்க முடியல. போன ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு லண்டன் பரோ ஹை ஸ்ட்ரீட்ல இருக்கிற ஜார்ஜ் இன்னுக்குப் போனேன். பப்புக்கா கூட்டிட்டு வந்தேனு முதல்ல முறைச்சாங்க, அப்புறம் முத்தத்துல பெஞ்சு போட்டிருக்கிறதைப் பாத்து உக்காந்து ஒரு ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கிட்டாங்க. நிமிர்ந்து அந்த மாடி வராந்தாவைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "என்னடா இது, பாதி வீடு மாதிரி இருக்கு, மிச்சம் எங்க?"னாங்க.

மிச்சத்தை இடிச்சது நீங்கதான்.

அம்மாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். தேம்ஸ் ஆத்தைத் தாண்டி லண்டனுக்குள்ள போக நூத்துக்கணக்கான வருஷமா லண்டன் பிரிட்ஜ் ஒண்ணுதான், ராத்திரியானா அதோட கதவைச் சாத்திடுவாங்க, அதனால லேட்டா வர்றவன் எல்லாம் தென்கரையிலயே தங்கணும். இந்தத் தெருவுல வரிசையா விடுதி முளைச்சது அப்படித்தான். வைட் ஹார்ட், ஜார்ஜ், டேபர்ட்னு. 1450ல கலகம் பண்ணிட்டு வந்த ஜாக் கேட் தங்கினது வைட் ஹார்ட்ல. டேபர்ட் லேண்ட்லார்ட் ஹாரி பெய்லி இந்த சவுத்வார்க் ஏரியா சார்பா பார்லிமெண்டுக்கே போன ஆளு, பழைய இங்கிலீஷ் கவிஞர் சாசரோட யாத்திரைக் கதைங்க ஆரம்பிக்கிறதே அவர் விடுதியிலதான். (நமக்கு லேண்ட்லார்ட்னா வாடகை கேக்குற வீட்டுக்காரர், இங்க பப்பை எடுத்து நடத்துற ஆளைத்தான் அப்படிச் சொல்றாங்க, கட்டடம் யார் பேர்ல இருந்தாலும் சரி.)

1676ல பெரிய தீ வந்து தெருவுல பாதி சாம்பலாச்சு, அடுத்த வருஷமே ஜார்ஜைத் திரும்பக் கட்டிட்டாங்க. முத்தத்தைச் சுத்தி மாடி, மாடியில மரக் கைப்பிடி வச்ச வராந்தா, அதுல வரிசையா ரூம். கீழ கோச் வண்டி வந்து நிக்கும், குதிரை மாத்துவாங்க, மூட்டை இறக்குவாங்க, லேண்ட்லார்ட் எல்லாருக்கும் கறியும் பீரும் படுக்கையும் பாக்கணும்.

அப்புறம் ரயில் வந்துச்சு. 1836ல லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷன், இங்கருந்து நடந்தா அஞ்சு நிமிஷம் ஆகாது. கோச் தொழில் படுத்துருச்சு. அதுக்கு உங்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன், காலம் அது. ஆனா தொழிலைக் கெடுத்த ரயில்காரங்களே வந்து அந்த விடுதியையும் வாங்கி, சரக்கு டிப்போ ஆக்கி, 1889ல ரெண்டு பக்கத்தை இடிச்சுத் தள்ளினீங்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியல. வைட் ஹார்ட் போனதும் அதே வருஷம். டேபர்ட் அதுக்கு முன்னாடியே காலி. ரெண்டு இடத்துலயும் இப்போ சந்து மட்டும்தான் இருக்கு.

நீங்க விட்டுவச்ச தெக்குப் பக்கத்துல கடையை நடத்தினது அமீலியா மர்ரேன்னு ஒரு அம்மா, அவங்களுக்கு அப்புறம் மக ஆக்னஸ், 1930கள் வரைக்கும். பத்திரத்துல ஓனர் நீங்க. ஆனா உங்க சரக்கு வண்டி சத்தத்துக்கு நடுவுல படுக்கை விரிச்சு, அடுப்பு மூட்டி, அந்தக் கோணல் மரத்தளத்தைப் பெருக்கினது அவங்கதான். லண்டன்ல இப்படி மாடி வராந்தா வச்ச பழைய கோச் விடுதி இன்னைக்கு இது ஒண்ணுதான் மிச்சம்னா அந்தப் பேரு அம்மாவுக்கும் மகளுக்கும்தான் போகணும், உங்களுக்கு இல்ல. இது என் கட்சி.

1937ல உங்க வாரிசு கம்பெனி ஜார்ஜை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட்கிட்ட கொடுத்துட்டாங்க. இதைச் சொன்னதும் எங்கம்மா "பரவால்லையே, அந்தளவுக்காவது புத்தி வந்துச்சே"னாங்க. சரி, அதுக்காக உங்களுக்கு வச்சிருந்த திட்டுல பாதியைக் கழிச்சுக்கறேன். மீதி, அந்த இடிச்ச ரெண்டு பக்கத்துக்கு.

இப்படிக்கு,
முத்தத்துல உக்காந்து ஜூஸ் குடிச்ச ஒருத்தன்