சாவியைத் திருப்பிக் கொடுக்காதவர்கள்

அன்புள்ள ஒல்லி,

(உன் இப்போதைய இடுப்பளவு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயரை மாற்றுவதாக இல்லை.)

கடிதம் வந்தது. அரைப் பக்கம் முட்டி வலி, மீதி மூன்று பக்கம் உங்கள் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ். 49 நாள் பிரதமராக இருந்தவர் ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 115,000 பவுண்டு வாங்கலாமாம், அதுவும் என் வரிப்பணத்தில் என்று கொதித்திருந்தாய்.

கொஞ்சம் ஆறு. அது ஓய்வூதியம் இல்லையடா. பிரதமர் தாட்சர் பதவி விலகிய அடுத்த ஆண்டு, 1991-இல், கொண்டுவந்த செலவுப்படி அது. முன்னாள் பிரதமர் என்பதால் குவிகிற கடிதங்களுக்குப் பதில் போட, செயலாளர் வைத்துக்கொள்ள, அலுவலகம் நடத்த என்று ஆன செலவைக் காட்டித்தான் வாங்க முடியும். 115,000 என்பது அதற்கு உச்ச வரம்பு. சொந்தக் காரியத்துக்கு ஒரு பென்னி கிடையாது. எனக்குத் தெரிந்த முறைகளில் உங்கள் ஊர் முறைதான் கொஞ்சம் நாணயமானது. பத்து வருஷம் ஆண்ட பிளேருக்கும் 49 நாள் இருந்தவருக்கும் ஒரே வரம்பா என்று நீ கேட்பது மட்டும் நியாயம்.

அமெரிக்கக் கதையைப் பார். ட்ரூமன் பதவி முடிந்து ஊருக்குப் போனபோது அவருக்கு இருந்த ஓய்வூதியம் மாதம் 112 டாலர் 56 காசு, அதுவும் பழைய ராணுவச் சேவைக்காக. முன்னாள் அதிபர் வறுமையில் வாடலாமா என்று மனமிரங்கி 1958-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஓய்வூதியம், அலுவலகம், ஊழியர்கள் எல்லாம் அரசுச் செலவு. பல வருஷம் கழித்து அவருடைய கணக்குகளைப் பார்த்த ஆய்வாளர் ஒருவர், ட்ரூமன் அப்படியொன்றும் ஏழையாக இல்லை என்று எழுதினார்! ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது. இன்று முன்னாள் அதிபரின் ஓய்வூதியம் அமைச்சர் சம்பளத்துக்குச் சமம். மேடையேறிப் பேசியும் புத்தகம் எழுதியும் கோடி கோடியாகச் சம்பாதிப்பவருக்கும் அதே தொகைதான்.

உன் கடிதத்தை இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்கு எடுத்துப்போய் நம் காலைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்து வாத்தியார் மட்டும், "எங்கட ஊரில் நடந்தது தெரியுமோ?" என்று ஆரம்பித்தார். இலங்கையில் 1986-இல் போட்ட சட்டப்படி முன்னாள் ஜனாதிபதிகளுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் வீடு, வாகனம், செயலாளர் எல்லாம் உண்டு. 2025 செப்டம்பரில் நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. ஆதரவு 151, எதிர்ப்பு ஒன்றே ஒன்று. மறுநாளே மகிந்த ராஜபக்ச கொழும்பு விஜேராம வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்காலைக்குக் கிளம்பினார். ஓய்வூதியம் அரசியலமைப்பில் இருப்பதால் அதற்கு ஆபத்தில்லை.

வாத்தியார் இதைச் சொல்லிவிட்டுத் தே ஓவை, அந்தப் பாலில்லாத தேநீரை, கலக்கிக்கொண்டே இருந்தார். அதில் சீனியே கிடையாது. "95-இல் யாழ்ப்பாணமே கிளம்பினபோது என்ட அக்காவுக்கு ஒரு இரவுதான் கிடைச்சது" என்றார். யாரும் பதில் பேசவில்லை. நான் எழுந்துபோய் இன்னும் நாலு வடை வாங்கி வந்தேன்.

வீடு, கார், மாலை எல்லாம் வேண்டாம் என்பதில் நான் வாத்தியார் கட்சி. ஆனால் பாதுகாப்புச் செலவில் கை வைக்கக்கூடாது. 1991 மே 22 காலை நினைவிருக்கிறதா? வேலைக்குப் போகிற வழியில் சிராங்கூன் சாலையில் ஒரு கடை வாசலில் கூட்டம், உள்ளே வானொலி. ஸ்ரீபெரும்புதூர் என்று காதில் விழுந்தது, எனக்குப் புரிய நேரமாயிற்று. ராஜீவ் காந்தி அப்போது முன்னாள் பிரதமர். 1988-இல் வந்த சிறப்புப் பாதுகாப்புக் குழுச் சட்டம் பதவியில் இருக்கிற பிரதமருக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டும்தான். ராஜீவ் கொல்லப்பட்ட பிறகுதான் முன்னாள் பிரதமர்களையும் அதில் சேர்த்தார்கள். 2019-இல் மறுபடியும் குறைத்து, பதவி விலகி ஐந்து ஆண்டு வரைதான் என்று ஆக்கிவிட்டார்கள். பதவியில் இருந்தபோது சம்பாதித்த பகை ஐந்து ஆண்டில் ஆறிவிடுமா என்ன?

நம் சிங்கப்பூர்க் கணக்கு தனி. இங்கே முன்னாள் பிரதமர் வீட்டோடு இருப்பது அபூர்வம். லீ குவான் யூ 1990-இல் பிரதமர் பதவியை விட்டார், ஆனால் மூத்த அமைச்சர், மதியுரை அமைச்சர் என்று 2011 வரை அமைச்சரவையிலேயே இருந்தார். கோ சோக் டோங் 2004-க்குப் பிறகு ஏழு வருஷம். 2024 மே முதல் லீ சியன் லூங்கும் அப்படித்தான். அதனால் முன்னாள் தலைவர்களுக்கான செலவு என்று தனியாகத் தேடினால் கிடைக்காது, அமைச்சர் சம்பளத்துக்குள் போய்விடும். 2012-இல் சம்பளத்தை மறுஆய்வு செய்தபோது பிரதமருக்கு ஆண்டுக்கு 2.2 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்தார்கள். கூடவே ஒளிமறைவான சலுகை எதுவும் இல்லை, 2011 மே 21 முதல் பதவியேற்ற அமைச்சர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை. அவர்களுக்கும் நம்மைப் போல மசேநிதான், அதாவது மத்திய சேம நிதிதான். தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறேன், ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிற தொகை. பெரியவர் பக்கத்து நாற்காலியிலேயே இருப்பது புதியவருக்குத் துணையா, பாரமா என்பதில்தான் எனக்குப் பாதி மனசு.

அப்புறம், நம் சங்கத்துச் சமாச்சாரம். தலைவர் இறங்கி மூன்று வருஷம் ஆகிறது. அலமாரிச் சாவி இன்னும் அவரிடம்தான். குத்துவிளக்கு, மைக், ரசீதுப் புத்தகம் எல்லாம் அதற்குள். சாவியைக் கேட்டால், "நானே வந்து திறக்கிறேன்" என்பார். பொங்கல் விழாவுக்கு ஈசூனிலிருந்து டாக்சியில் வந்தார், திறந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார், மாலை வாங்கிக்கொண்டார், பூட்டினார், டாக்சியில் போனார். போக வர 46 வெள்ளி, சங்கக் கணக்கில். பொருளாளர் என்ற முறையில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியாமல் 'பூச்செலவு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

புதுப் பூட்டு 15 வெள்ளிக்குக் கிடைக்கும். எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை. அவரை நேருக்கு நேர் 'டேய்' என்று கூப்பிடுகிறவன் நீ ஒருவன்தான். டிசம்பரில் வரும்போது முட்டி வலியைச் சாக்காக வைத்து ஈசூனுக்கு ஒரு நடை போய் உட்கார்ந்து கேட்டுப் பார். டாக்சி செலவு என்னுடையது.

உன்,
குட்டை