செயலாளரின் ஆண்டறிக்கை: பனப்பாக்கமும் வாடகை அட்வான்ஸும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். தெருவிளக்கு மனுவுக்குப் பேரூராட்சியில் பலன் கிடைத்தது. குடிநீர்க் குழாய் மனு இன்னும் மேசையில்தான் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி நேரத்தை வாடகை வீட்டுக்கே எடுத்துக்கொள்கிறேன். செயற்குழு எதற்காகக் கூடினாலும் பேச்சு கடைசியில் அங்கேதான் போய் நின்றது.

2024 செப்டம்பர் 28 அன்று நம் பனப்பாக்கம் சிப்காட் தொழிற்பேட்டையில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு முதல்வர் அடிக்கல் நாட்டினார். 9,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்றார்கள். காலணி ஆலையும் வருகிறது. அன்று தொடங்கி ஊரில் மாடி எழுப்பாதவர் குறைவு. நடுவில் தட்டி வைத்து ஒரு போர்ஷனை இரண்டாக்கியவர்கள் நம் உறுப்பினர்களிலும் உண்டு. பெயர் வேண்டாம், அவரவருக்கே தெரியும்.

வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்களை நம் குழு வீடு வீடாகப் போய்ப் பார்த்தது. வாடகையைவிட அட்வான்ஸ்தான் அவர்களை அழுத்துகிறது. பத்து மாத வாடகையைக் கேட்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சம்பளமே மாதம் முடிந்தால்தான். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்கிறது. அந்த ‘வேறு உடன்பாடு’ என்ற சந்துக்குள்தான் எல்லோரும் புகுந்துகொள்கிறோம். ஓர் அறையில் ஆறு பேரைப் பார்த்தோம். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர், காலை ஷிப்டுக்குக் கிளம்பியவரின் பாயில் அப்படியே படுக்கிறார்.

கம்பெனிகளே விடுதி கட்டட்டும் என்று சிலர் சொன்னீர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் அப்படியொரு விடுதி வந்திருக்கிறது, ஆனால் கட்டியது அரசு நிறுவனம். சிப்காட் 706.50 கோடியில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அப்படி இங்கேயும் வந்தால் நம் போர்ஷனுக்கு ஆள் ஏது என்று வேறு சிலர் பதறினீர்கள். பதற்றம் வேண்டாம். விடுதிக் கட்டிலில் பெண்டாட்டி பிள்ளையோடு குடித்தனம் நடத்த முடியாது. குடும்பஸ்தர்கள் நம் தெருவுக்குத்தான் வருவார்கள்.

குவார்ட்டர்ஸ் பற்றியும் பேச்சு வந்தது. ராணிப்பேட்டையில் பெல் (பி.எச்.இ.எல்.) ஆலை ஊழியர்களுக்கான டவுன்ஷிப்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை இருப்பது நியாயம். எனக்குத் தயக்கம் உண்டு, காரணமும் சொல்லிவிடுகிறேன். அப்பா வேலை பார்த்த ஆலையில் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். ஆலையை மூடிய கையோடு வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. வேலையும் கூரையும் ஒன்றாகப் போயின. அம்மா அண்டா குண்டாவை மாட்டுவண்டியில் ஏற்றியதைப் பார்த்தவன் நான். வேலை போனால் வீடும் போகும் என்ற ஏற்பாட்டுக்கு என்னால் கையெழுத்துப் போட முடியாது.

ஆகவே கம்பெனிகளுக்கு எழுதிய கடிதத்தில் நாம் கேட்டது சின்ன விஷயம். அட்வான்ஸ் தொகையை வட்டியில்லாக் கடனாகக் கொடுங்கள், சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தம் தொழிலாளி பெயரில் இருக்கட்டும். அவர் வேலையை விட்டாலும் வீடு அவரிடமே இருக்கும், பாக்கியை அடைக்க அவகாசம் கொடுங்கள். ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். நம்மை அழைத்துப் பேசினார். மற்ற இடங்களிலிருந்து பதில் இல்லை. அவரும் ஒரு முட்டுக்கட்டையைச் சொன்னார்: பாதிப் பேர் காண்ட்ராக்ட் ஆட்கள், அவர்கள் எங்கள் சம்பளப் பட்டியலில் இல்லையே என்று. வெளிமாநிலத் தொழிலாளிக்கு ஒப்பந்ததாரர் தங்குமிடம் தர வேண்டும் என்று 1979-லேயே சட்டம் போட்டார்கள் என்றோம். சிரித்துவிட்டு டீ வரவழைத்தார். காண்ட்ராக்டர்களையும் ஒரே மேசைக்கு அழைக்கச் சொல்லியிருக்கிறோம், விடப்போவதில்லை.

கம்பெனியிடம் கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்கக் கூடாது. உறுப்பினர்கள் மூன்று மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவதில்லை என்ற தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. என் மாடிப் போர்ஷனுக்கு நானே ஐந்து மாதம் வாங்கியிருந்தேன். கடிதம் டைப் ஆன அன்று சாயங்காலம் இரண்டு மாதத் தொகையை அந்தத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தீர்மானத்தை முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் எழுந்திருக்க வேண்டும்.