வீட்டு வரைபடத்தில் மண்ணுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

வடகிழக்குப் பருவமழைக்காக நீலகிரியில் எடுக்கப்படும் முன்னெச்சரிக்கைகள் பற்றிய செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். அபாயப் பகுதிகளின் பட்டியல், மணல் மூட்டைகள், முகாம்கள் எல்லாம் இருந்தன. வீடு கட்டுவதற்காக வெட்டித் திறந்து போடப்பட்டிருக்கும் சரிவுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது, மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் பலியானார்கள். 2024 பிப்ரவரியில் லவ்டேலில், வீடு கட்ட மண் தோண்டிய இடத்தில் மேலே இருந்த கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அது மழைக்காலம்கூட அல்ல. இப்படி உயிர் போனால் தடுப்புச் சுவரைப் பற்றிப் பேசுகிறோம். மலை சரியாமலேயே ஒவ்வொரு மழைக்கும் மனையிலிருந்து கரைந்து இறங்கும் மண் மட்டும் யார் கணக்கிலும் வருவதில்லை.

பொக்லைன் வருகிறது, சரிவைக் குடைந்து மட்டமாக்குகிறது, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளிவிட்டுப் போகிறது. லாரி வாடகை மிச்சம். தளர்ந்து கிடக்கும் அந்த மண்ணை யாரும் இறுக்குவதுமில்லை, மூடுவதுமில்லை. சுற்றிலும் பச்சை வலை மட்டும் தவறாமல் கட்டிவிடுவார்கள். அது பார்வையை மறைக்கும்; சேற்றைத் தடுக்காது.

செய்ய வேண்டியவை பெரிய வித்தை இல்லை. மண்ணைத் தொடுவதற்கு முன்பே மனையின் மேல் விளிம்பில் ஒரு வாய்க்கால் வெட்டி, மேட்டிலிருந்து வரும் நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். கீழ் விளிம்பில் வண்டல் தடுப்புத் துணியை, அதாவது நீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் துணியை, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் நிறுத்தி, அதன் அடிப்பகுதியைப் பள்ளம் தோண்டிப் புதைக்க வேண்டும். புதைக்காவிட்டால் நீர் அடியில் நுழைந்து போய்விடும், துணி வெறும் அலங்காரம். குவித்த மண்ணுக்குத் தார்ப்பாய், வெட்டிய சரிவுக்குத் தென்னை நார் வலை, அதன்மேல் புல் அல்லது வெட்டிவேர். தென்னை நார் வலைக்கு வெளிநாடு போக வேண்டாம், பொள்ளாச்சிப் பக்கம் நார்த் தொழிலுக்குக் குறைவில்லை. தடுப்புச் சுவர் எழுப்பினால் பின்னால் ஜல்லி நிரப்பி, நீர் வெளியேறத் துளைகள் விட வேண்டும்.

ஆனாலும் இங்குள்ள மண்ணில் களி அதிகம். துணி மணலைப் பிடிக்கும். களியின் நுண்துகள் அதைத் தாண்டிப் போய்விடும், தேங்கிய நீரில்கூட எளிதில் படியாது. ஆகவே கலங்கிய பிறகு வடிகட்டுவதைவிட, தேவைக்கு மேல் மண்ணைத் திறக்காமல் இருப்பதுதான் உண்மையான கட்டுப்பாடு. மனை முழுவதையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல், கட்டும் பகுதியை மட்டும் வெட்டி, அதை மூடிய பிறகு அடுத்ததற்குப் போகலாம். சரிவை அடியோடு வெட்டாமல் படிப்படியாக வீட்டை அமைத்தால் வெட்டும் மண்ணே குறையும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் வேலையே கூடாது.

உதகையில் மண், நீர்ப் பாதுகாப்புக்கென ஓர் ஆராய்ச்சி மையம் 1950-களிலிருந்து இயங்குகிறது. சரிவில் உருளைக்கிழங்கு போடும் விவசாயிக்குப் படிமட்டம், சம உயர வரப்பு என்று எத்தனையோ சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. பக்கத்து மனையில் விடுதி கட்டுபவரிடம் மட்டும் மண்ணை எப்படிக் காக்கப் போகிறீர்கள் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

கட்டட உயரத்துக்கு ஏற்கெனவே வரம்பு உண்டு. அதே அனுமதிக் கோப்பில் வெட்டும் மண் எங்கே குவியும், மழைநீர் எந்த வழியாகப் போகும் என்று காட்டும் வரைபடமும் கட்டாயமாக வேண்டும். வாய்க்காலும் தடுப்பும் போட்டாயிற்றா என்று நேரில் பார்த்த பிறகே பொக்லைனுக்கு அனுமதி தர வேண்டும். கட்டுபவரிடம் ஒரு காப்புத்தொகையும் வாங்கலாம். மனையிலிருந்து இறங்கிய சேற்றைக் குன்னூர் ஆற்றிலிருந்தும் தெருச் சாக்கடைகளிலிருந்தும் அள்ளும் செலவை அதில் கழித்துக்கொள்ளட்டும். இப்போது அது எங்கள் வரிப்பணத்தில் போகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குன்னூர்