நிலவு ராக்கெட்டுகள்: கருவிகளுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலவில் மனிதர்கள் நிரந்தரமாகத் தங்கும் நாள் நெருங்கிவிட்டது என்று தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதே செய்தியை என் வாழ்நாளில் எத்தனை முறை படித்துவிட்டேன்! 1989-இல் அமெரிக்க அதிபர் மூத்த புஷ் அறிவித்தார். பணம் ஒதுக்க ஆளில்லாமல் அது கரைந்து போனது. 2004-இல் இளைய புஷ், 2020-க்குள் என்றார். 2010-இல் ஒபாமா அரசு அதைக் கைவிட்டது. 2019-இல் துணை அதிபர் மைக் பென்ஸ் ஐந்தே ஆண்டுகள் என்று கெடு வைத்தார். அந்த 2024-உம் வந்து போய்விட்டது. 1972 டிசம்பரில், அப்போலோ திட்டத்தின் கடைசிப் பயணத்தில், யூஜின் செர்னன் ஏணியில் ஏறிய பிறகு அந்த மண்ணில் எவர் காலும் படவில்லை.

நிலவுக்கு மனிதன் போகவே இல்லை என்பவர்களோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அப்போலோ 11, 14, 15 பயணிகள் அங்கே வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்களின் மீது லேசர் ஒளியைச் செலுத்தித்தான், நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிப்போகிறது என்று அளந்திருக்கிறார்கள். போனது உண்மை. எதற்காகப் போகிறோம் என்ற கேள்விக்குத்தான் அன்றும் நேரான பதில் இல்லை, இன்றும் இல்லை.

நான் இருபத்தேழு ஆண்டுகள் ஒரு வாயு ஆலையில் வால்வு பராமரிப்புப் பிரிவில் வேலை செய்தவன். கசிவைத் தேடுவதே என் பிழைப்பாக இருந்தது. அதனால் 2022-இல், நாசாவின் புதிய நிலவுத் திட்டமான ஆர்ட்டெமிஸின் முதல் ராக்கெட், ஆர்ட்டெமிஸ் 1, பட்ட பாட்டை நாள்தோறும் கவனித்தேன். செப்டம்பர் 3 அன்று திரவ ஹைட்ரஜன் கசிந்து பயணம் நின்றது. பிரித்துப் பார்த்தபோது, எட்டு அங்குலக் குழாய் இணைப்பில் கசிவை அடைக்கும் சீலில் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பள்ளம் தென்பட்டது. ஹைட்ரஜனைக் கையாண்டவர்களுக்கு இதில் வியப்பில்லை. மைனஸ் 253 டிகிரியில் உலோகமும் சீலும் வெவ்வேறு அளவில் சுருங்கும். ஹைட்ரஜனைவிட லேசான மூலக்கூறு உலகில் இல்லை. இடுக்கு இருந்தால் போதும், புகுந்து வெளியே வந்துவிடும். நவம்பரில், ராக்கெட் புறப்பட்ட அதே இரவில், மீண்டும் ஒரு வால்வில் கசிவு. எரிபொருள் நிரம்பிய ராக்கெட்டின் அடியில் மூன்று பேர் போய் பேக்கிங் நட்டுகளை இறுக்கிவிட்டு வந்தார்கள். அந்த வேலையைச் செய்த கைகளை நான் அறிவேன். அந்த மூவருக்கும் என் வணக்கம்.

ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அடுத்து மனிதர்களை இறக்கப்போவதாகச் சொல்லப்படும், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் கலத்துக்கு, பூமியைச் சுற்றும் பாதையிலேயே எரிபொருள் நிரப்ப வேண்டும். ஒரே ஒரு தரையிறக்கத்துக்கு அப்படிப் பத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் தேவைப்படும் என்று நாசா அதிகாரிகளே கூறியிருக்கிறார்கள். தரையில் கசிந்ததை ஆள் அனுப்பி இறுக்கினார்கள். அங்கே கசிந்தால் யார் போய் இறுக்குவது? இதைத் தங்கள் கட்டுரை ஒரு வரியிலாவது தொட்டிருக்கலாம்.

செலவைப் பாருங்கள். ஆர்ட்டெமிஸின் முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொன்றுக்கும் 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமைத் தணிக்கை அதிகாரியே 2022-இல் சொன்னார். மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதற்கென்றே விண்வெளி ஓடங்களுக்காகச் செய்த அருமையான எஞ்சின்கள் நான்கு, முதல் பயணத்தோடு கடலுக்குள் போயின. இயந்திரத்தைப் பேணிக் காத்த எவனுக்கும் வயிறு எரியும்.

அதே நாசா 2024 ஜூலையில் என்ன செய்தது தெரியுமா? நிலவின் தென்துருவத்தில் ஒரு மீட்டர் ஆழம் துளையிட்டு உறைபனி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வைப்பர் என்ற ஊர்தியைச் செய்திருந்தார்கள். 45 கோடி டாலர் செலவழித்து, பூட்டி முடித்து, சோதனையில் நின்ற வண்டி அது. மேற்கொண்டு 8.4 கோடி டாலர் மிச்சமாகும் என்று திட்டத்தை ரத்து செய்தார்கள். நிலவில் குடியேறப் போவதாகச் சொல்கிறவர்கள், குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கும் கருவியை முதலில் வெட்டுகிறார்கள்! எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2025-இல் அதைக் கொண்டுபோகும் பொறுப்பை ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்போலோவிலும் இதே கதைதான். நிலவில் நடந்த பன்னிரண்டு பேரில் நிலவியல் படித்தவர் ஹாரிசன் ஷ்மிட் ஒருவரே. அவரையும் கடைசிப் பயணத்தில்தான் ஏற்றினார்கள். ஷார்ட்டி என்ற பள்ளத்தின் விளிம்பில், சாம்பல் நிறத் தரையில் தன் காலடியில் ஆரஞ்சு நிற மண் கிளறப்பட்டிருப்பதைக் கண்டவர் அவர்தான். அது 350 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை பீய்ச்சிய கண்ணாடி மணிகள். அத்தகைய மணிகளுக்குள் நீரின் தடம் இருப்பதை 2008-இல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு கிடைத்த இடத்துக்கு அடுத்து போக வேண்டிய 18, 19, 20 பயணங்களோ முன்பே ரத்தாகியிருந்தன. மிஞ்சிய சாட்டர்ன் 5 ராக்கெட் ஒன்று ஹூஸ்டனில் பல ஆண்டுகள் திறந்த வெளியில் வெயிலிலும் மழையிலும் படுத்துக் கிடந்தது.

நம் சந்திரயான் 3 ஆளில்லாமல் போனது. விக்ரம் தரைக்குள் இறக்கிய வெப்பமானி, மேற்பரப்பில் 50 டிகிரிக்கும் மேல் காட்டியது. எட்டு சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ நான்கு விரற்கடை ஆழத்தில் மைனஸ் 10. அந்த வரைபடத்தை இஸ்ரோ வெளியிட்ட அன்று நான் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கள் நாளிதழ் தரையிறக்கத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கியது. அந்த வரைபடத்துக்கு உள்பக்கத்தில் ஆறு வரி.

இனி நிலவு ராக்கெட் ஒன்று புறப்படும்போது, அதன் உயரத்தையும் நெருப்பையும் எழுதுவதோடு, அதில் என்னென்ன கருவிகள் போகின்றன, எந்தக் கேள்விக்கு விடை தேடுகின்றன, இதற்கு முன் எத்தனை முறை தேதி தள்ளிப்போனது என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வால்வு பராமரிப்புப் பணியாளர் ஒருவர்