கொரோனா விவசாய உதவித்தொகை: முதலில் அறிவித்த கடைசி நாள் 2020 டிசம்பர் 11

அமெரிக்காவில் பண்ணை வைத்திருக்கும் குழு நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க வேளாண் துறையின் சீஃபேப் 2 (கொரோனாவால் நஷ்டப்பட்ட விவசாயிகளுக்கான உதவித்தொகையின் இரண்டாம் சுற்று) திட்டத்துக்கு முதலில் 2020 டிசம்பர் 11-க்குள் விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தார்கள், இப்போது அந்தத் திட்டம் முடிந்துவிட்டது. முதல் சுற்றில் பணம் வாங்கியவர்களும் புதிதாகத்தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது, தானாக வரவில்லை. மாடு ஒன்றுக்கு 55 டாலர் கொடுத்தார்கள், 2020 ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 31 வரைக்குள் உங்களிடம் அதிகபட்சமாக எத்தனை இருந்ததோ அந்தக் கணக்கு, ஆனால் கன்று ஈனுவதற்காக வைத்திருக்கும் பசுக்களும் பொலிகாளைகளும் இதில் சேரவில்லை. காய்கறி போடுகிறவர்களுக்கு 2019 விற்பனையை வைத்துக் கணக்கிட்டார்கள். இது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். சின்னப் பண்ணைக்காரர்களும் விண்ணப்பிக்க முடிந்தது, நஷ்டம் அவர்களுக்கும்தானே வந்தது. அதற்கான படிவம் ஏடி-3117, அதை உங்கள் கவுன்ட்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) உள்ள எஃப்.எஸ்.ஏ. (வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை) அலுவலகத்தில் கொடுக்க வேண்டியிருந்தது.